சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தட்டு: வீல் ஸ்பேஸர், முதலிலிருந்து

அலாய் வீல் கடையில் நின்று ஸ்பேஸர் என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "அது பெரிய சைஸ் வாஷர் சார், மாட்டிட்டு மறந்துடலாம்" என்பார் ஒருவர். "வேணாம் தம்பி, ஓட்டத்துலயே சக்கரம் கழண்டுடும்" என்பார் பக்கத்தில் பஞ்சருக்கு வந்து நிற்கும் பெரியவர். இருவருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பத்து வருடம் பிரச்சினையே இல்லாமல் ஓடிய காரைப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் ஸ்டட், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் மரைக் கம்பி, முறிந்து ரோட்டோரம் நின்ற காரைப் பார்த்திருக்கிறார். இரண்டு கார்களிலும் இருந்தது ஸ்பேஸர்தான் என்றால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

எல்லோரும் தட்டின் தடிமனைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள்: நட்டுக்குப் பிடிக்க எத்தனை மரை மிச்சம் இருக்கிறது? சக்கரத்தின் நடு எதன்மேல் உட்கார்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஸ்பேஸரில் முக்கால்வாசி புரிந்துவிடும். கடைக்காரர் பதில் சொல்லவில்லை என்றால் அந்தக் கடையில் மாட்ட வேண்டாம்.

ஸ்பேஸர் செய்யும் ஒரே வேலை

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வட்டமான இரும்பு முகம் ஒன்று தெரியும். அதுதான் ஹப்; சக்கரம் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம், அதோடு சேர்ந்தே சுற்றும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகும் அலுமினியத் தட்டுதான் ஸ்பேஸர். தட்டு எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மில்லிமீட்டர் சக்கரம் வெளிப்பக்கமாக நகரும். அவ்வளவுதான் அதன் வேலை. கார் உயராது, டயர் அகலமாகாது, பிரேக் பலமாகாது.

நகர்த்த வேண்டிய தேவை சிலருக்கு உண்மையிலேயே இருக்கிறது. அகலமான டயர் போட்ட பிறகு அதன் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசும். பெரிய பிரேக் மாற்றியவர்களுக்கு ரிம்மின் உள்பக்கம் காலிப்பரில், அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இடிக்கும். அங்கெல்லாம் 3 அல்லது 5 மில்லிமீட்டர் போதும், காரியம் முடிந்துவிடும். ஆனால் நம்மூரில் பெரும்பாலானவர்கள் மாட்டுவது தோற்றத்துக்காக. ஃபெண்டருக்குள், அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் பாடித் தகட்டுக்குள், ஒடுங்கி நிற்கும் சக்கரம் விளிம்புவரை வந்து நின்றால் கார் கம்பீரமாகத் தெரியும் என்ற ஆசை. அதில் தப்பே இல்லை. போர்ஷே கம்பெனியே தன் சில கார்களுக்கு 5 மி.மீ. ஸ்பேஸரைத் துணைப்பொருளாக விற்றிருக்கிறது. ஆசைப்படுங்கள், அளந்துவிட்டு ஆசைப்படுங்கள்.

டப்பாவுக்குள் ஓர் அட்டை

சக்கரம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஆஃப்செட் என்று பெயர். இரண்டு பக்கமும் திறந்த ஒரு வட்ட டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாதான் ரிம். அதற்குள் குறுக்கே ஓர் அட்டையை ஒட்டுகிறோம். அந்த அட்டைதான் ஹப்பில் ஒட்டும் முகம். அட்டை சரியாக நடுவில் இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். அட்டையைத் தெருப்பக்கமாகத் தள்ளி ஒட்டினால், ஹப் அதே இடத்தில் இருப்பதால் டப்பா முழுவதும் காருக்கு உள்ளே போய்விடும். இது பாசிட்டிவ் ஆஃப்செட். அட்டையைக் கார்ப்பக்கமாகத் தள்ளி ஒட்டினால் டப்பா வெளியே பிதுங்கி நிற்கும். அது நெகட்டிவ்.

இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான். ரிம்மின் உள்பக்கத்தில் "ஈ.டி. 45" என்பது போலப் பொறித்திருப்பார்கள். இந்த ஈ.டி. ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். 45 என்றால் அட்டை நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்று பொருள். இதன் பின்னால் 10 மி.மீ. ஸ்பேஸர் வைத்தால் காருக்கு அது ஈ.டி. 35 சக்கரம் மாதிரி. கணக்கு வெறும் கழித்தல்தான்.

இங்கே ஒரு முரண்பாட்டை அடிக்கடி கேட்கிறேன். "ஸ்பேஸர் போட்டா பேரிங் போயிடும், அதனால நான் ஆஃப்செட் குறைஞ்ச அலாய் வாங்கிட்டேன்" என்கிறார்கள். பேரிங்குக்கு இரண்டும் ஒன்றே. ஈ.டி. 45 சக்கரமும் 10 மி.மீ. தட்டும் சேர்ந்தது ஒரு கார், ஈ.டி. 35 சக்கரம் மட்டும் மாட்டியது இன்னொரு கார் என்றால், பேரிங் உணரும் நெம்புகோல் ஒன்றுதான். ஆஃப்செட் குறைந்த அலாயில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: நடுவில் கூடுதலாக ஒரு தட்டு இல்லை, மரை குறையாது.

அகலம் கூடிய ரிம்மின் கதை வேறு. அதே ஆஃப்செட்டில் 6 அங்குல ரிம்மிலிருந்து 7 அங்குலத்துக்குப் போனால் வெளி விளிம்பு 12.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பும் அதே அளவு உள்ளே போகும். எடை விழும் நடுக்கோடு நகராது. ஆனால் ஃபெண்டரில் உரசுவது விளிம்புதானே! ஸ்பேஸரும் அகல ரிம்மும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஸ்பேஸர் ஆஃப்செட்டைக் குறைக்கும் தட்டு. ஒரு பக்கம் 10 மி.மீ. என்றால் இடது வலது சேர்த்து 20 மி.மீ. அகலம் கூடும். சக்கரம் புதிய இடத்தில் நிற்கும். காரின் மற்றதெல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

சக்கரம் ஆணியில் மாட்டிய காலண்டர் போல அந்த நான்கைந்து போல்ட்டுகளில் தொங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இங்கிருந்துதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

பத்துப் புத்தகங்களை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் இருபுறமிருந்து அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுப் புத்தகத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆனாலும் விழாது. அழுத்தம் இருப்பதால் புத்தகங்களுக்கு இடையே உராய்வு இருக்கிறது, அது தாங்குகிறது. கை கொஞ்சம் தளர்ந்தால் நடுவில் இருப்பவை வழுக்கிக்கொண்டு விழும்.

சக்கரமும் இப்படித்தான் நிற்கிறது. நட்டை முடுக்கும்போது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி, அதாவது ஸ்டட், ரப்பர் பேண்ட் போல மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட கம்பி சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. இதை இறுக்கு விசை என்போம். 12 மி.மீ. ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் ஒரு ஸ்டட் தரும் இறுக்கு விசை தோராயமாக 4 டன். நான்கு ஸ்டட் இருந்தால் 16 டன். ஒரு டன் எடையுள்ள சின்ன காரின் ஒரு சக்கரத்தை 16 டன் அழுத்திப் பிடித்திருக்கிறது! எடையைத் தாங்குவதும், பிரேக் போடும்போது வரும் இழுப்பைத் தாங்குவதும் இந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான். ஸ்டட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்.

ஸ்பேஸர் போட்டால் புத்தக வரிசையில் இன்னொரு புத்தகம் சேர்ந்தது போல. அழுத்தம் குறையாதவரை நடுவில் ஒரு தட்டு கூடுதலாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் அட்டை வளைந்திருந்தால்? இடையில் மணல் இருந்தால்? ஹப்பில் துரு, ஸ்பேஸரில் பெயின்ட், சமமாக இல்லாத முகம் எல்லாம் இந்த வகைதான். ஓட ஓட துரு நொறுங்கும், பெயின்ட் நசுங்கும், இடைவெளி விழும். நீண்டிருந்த ஸ்டட் சுருங்கிவிடும், அழுத்தம் போய்விடும். அதன் பிறகு சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டைப் பக்கவாட்டில் ஆட்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே மாதிரி சில நூறு கிலோமீட்டரில் ஸ்டட் ஒடியும். அந்தப் பெரியவர் ரோட்டோரம் பார்த்த கார் பெரும்பாலும் இப்படி நின்றதாகத்தான் இருக்கும்.

இதனால்தான் ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு மூன்று வாஷரைக் கோத்து "செலவில்லாத ஸ்பேஸர்" செய்து தருவதைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. முகத்தோடு முகம் ஒட்டும் பரப்பு முழுவதும் போய், சக்கரம் நான்கு சின்ன வளையங்களின் மேல் நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மரைக் கணக்கு

இந்த இறுக்கு விசை முழுவதும் நட்டின் மரையும் ஸ்டட்டின் மரையும் பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தட்டு தடிமனாக ஆக, ஸ்டட் தட்டுக்குள் மறைந்து வெளியே நீளம் குறையும். நட் பிடிக்கும் மரை குறையும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நட் முழுதாக உட்கார்ந்தது போலத்தான் இருக்கும்.

பொதுவாகச் சொல்லும் விதி எளிமையானது: ஸ்டட் எத்தனை மி.மீ. பருமனோ, குறைந்தது அத்தனை மி.மீ. நீளத்துக்கு மரை பிடிக்க வேண்டும். இதைச் சுற்றாக மாற்றிக்கொண்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். மாருதி சுசூகி கார்களில் ஸ்டட் எம்12×1.25. அதாவது 12 மி.மீ. பருமன், நட் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.25 மி.மீ. முன்னேறும். 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் 9.6. ஆகவே பத்துச் சுற்று. ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பெரும்பாலும் எம்12×1.5. அங்கே எட்டுச் சுற்று. ஃபோக்ஸ்வேகன் போலோவில் எம்14×1.5 போல்ட். ஒன்பதரைச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதம்: முதலில் ஸ்பேஸர் இல்லாமல் சக்கரத்தை மாட்டி, ஒரு நட்டைக் கையால் திருகி, உட்காரும்வரை சுற்றுகளை எண்ணுங்கள். உங்கள் ஸ்விஃப்ட்டில் 11 சுற்று வந்தது என்று வைப்போம். 5 மி.மீ. ஸ்பேஸர் வைத்தால் 5-ஐ 1.25-ஆல் வகுத்து 4 சுற்று கழியும். மிச்சம் 7. போதாது. "வெறும் அஞ்சு எம்எம்தானே" என்று மாட்டிய தட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரையைத் தின்றுவிட்டது! அப்படியானால் ஸ்டட்டை நீளமானதாக மாற்ற வேண்டும். ஸ்பேஸரின் விலையை மட்டும் கணக்கில் வைத்து இறங்குபவர்கள் இந்த இடத்தில்தான் சமாதானம் செய்துகொள்கிறார்கள். செய்துகொள்ளக் கூடாத சமாதானம் இது.

முனை மூடிய குரோம் நட்டுகளில் வேறொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஸ்டட் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், நட் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்டட்டின் முனை மூடியில் போய் முட்டும். கைக்கு இறுகிவிட்டது போலத் தெரியும், சக்கரம் தளர்வாகவே இருக்கும். சுற்றுகளை எண்ணும் பழக்கம் இருந்தால் இதுவும் பிடிபடும்.

போல்ட் வகைக் கார்களில், அதாவது ஸ்டட் இல்லாமல் போல்ட் நேராக ஹப்புக்குள் இறங்கும் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி போன்றவற்றில் கணக்கு இன்னும் சுலபம். 10 மி.மீ. ஸ்பேஸருக்கு 10 மி.மீ. நீளம் கூடிய போல்ட் வாங்க வேண்டும். நட்டும் போல்ட்டும் ரிம்மில் உட்காரும் தலையின் வடிவத்தையும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் ரிம்மில் அது பந்து போன்ற வளைவு. வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பந்துக்குழியில் கூம்பை முடுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும், பிறகு தளரும்.

இட்லித் தட்டும் நடுத்தண்டும்

இட்லிப் பானையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிறுத்துவது நடுவில் இருக்கும் தண்டு. ஹப்பின் நடுவிலும் அதுபோல ஒரு வட்ட விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடு ஓட்டை அதில் சரியாகப் பொருந்தும். அந்த ஓட்டையின் விட்டத்துக்கு சென்டர் போர் என்று பெயர். பொருத்தம் சரியாக இருந்தால் சக்கரம் தானாக நடுவில் வந்து உட்காரும். இப்படி உட்காருவதைத்தான் கடைகளில் ஹப்சென்ட்ரிக் என்கிறார்கள்.

ஸ்பேஸர் வைத்தால் அந்த விளிம்பு தட்டுக்குள் புதைந்துபோகும். சக்கரத்துக்குத் தண்டு இல்லாமல் போகும். ஆகவே நல்ல ஸ்பேஸரின் வெளிமுகத்தில் அதே அளவில் ஒரு புது விளிம்பு கடைந்திருப்பார்கள். உள்பக்கம் ஹப்பைப் பிடிக்கும், வெளிப்பக்கம் சக்கரத்தைப் பிடிக்கும்.

என் மச்சான் காருக்கு ஒரு கடையில் விளிம்பே இல்லாத 10 மி.மீ. மொட்டைத் தட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறும். மூன்று முறை பேலன்சிங் செய்தார்கள். உதறல் போகவே இல்லை. எப்படிப் போகும்? பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை அதன் சொந்த நடுவில் பிடித்துச் சுற்றிப் பார்க்கிறது. காரிலோ சக்கரம் நடு தவறி உட்கார்ந்திருக்கிறது. கழற்றி ஹப் விளிம்பின் நீளத்தை வெர்னியரில் அளந்தபோது தட்டின் தடிமனைவிடக் குறைவாக இருந்தது. சக்கரம் எதன்மேலும் உட்காராமல் கூம்பு நட்டுகளை மட்டும் நம்பி இருந்தது. கூம்பு நட்டுகள் ஓரளவுக்கு நடுவுக்கு இழுக்கும் என்பது உண்மை. ஆனால் காரைத் தரையில் இறக்கிவிட்டு முடுக்கினால் முதலில் இறுகும் நட் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடும்.

ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தை பிசிடி என்பார்கள். 4×100 என்றால் 100 மி.மீ. வட்டத்தில் நான்கு ஸ்டட். இது மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. மாருதி ஸ்விஃப்ட்டும் 4×100, பல ஹோண்டா சிட்டி மாடல்களும் 4×100. ஆனால் ஸ்விஃப்ட்டின் சென்டர் போர் 54.1 மி.மீ., சிட்டியின் அளவு 56.1. சிட்டிக்காகச் செய்த ஸ்பேஸரை ஸ்விஃப்ட்டில் வைத்தால் உள்பக்கம் லொடலொட என்று ஆடும். வெளிப்பக்க விளிம்போ பெரிதாக இருப்பதால் ஸ்விஃப்ட்டின் சக்கரம் அதில் ஏறவே ஏறாது. மரையும் வேறு: ஒன்றில் 1.25, இன்னொன்றில் 1.5. அதன் நட்டை இதில் ஏர் கன் வைத்து அடித்தால் ஏறிவிடும், மரையை அறுத்துக்கொண்டு.

சுருக்கமாக: பிசிடி, சென்டர் போர், மரையின் அளவு, தலை உட்காரும் வடிவம். நான்கும் பொருந்த வேண்டும். மூன்று பொருந்தினால் அது உங்கள் காருக்கான ஸ்பேஸர் இல்லை.

சக்கரம் வெளியே வந்தால் கார் என்ன உணரும்?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடப்பதும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒன்றா? எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. சக்கர பேரிங்குக்குள் இரண்டு வரிசையாகக் குண்டுகள் இருக்கும். சக்கரத்தின் மேல் வரும் எடை இரண்டு வரிசைக்கும் பகிர்ந்து விழும்படி கார் கம்பெனி அமைத்திருக்கும். சக்கரத்தை வெளியே தள்ளினால் வெளி வரிசைக்குப் பங்கு கூடும். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிராகக் குறையும். சுமை 10 சதவீதம் கூடினாலே ஆயுளில் கால்வாசி போய்விடும். 5 மி.மீ. தட்டில் இதை யாரும் உணரப்போவதில்லை. 25 மி.மீ. போட்டுவிட்டு ஐந்து பேரோடும் சாமான்களோடும் ஓட்டுபவர் பேரிங் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம்.

ஸ்டீயரிங் விஷயம் இன்னும் சுவையானது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சட்டென்று திறக்கும். முன்சக்கரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீலில்தான் திரும்புகிறது. அந்தக் கீல்கோட்டைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். டயரின் நடு அந்தப் புள்ளிக்கு வெளியே இருந்தால் பாசிட்டிவ், உள்ளே இருந்தால் நெகட்டிவ்.

பல முன்சக்கர இழுவைக் கார்களில் இதைச் சில மில்லிமீட்டர் அளவிலோ, லேசாக நெகட்டிவாகவோ வைத்திருப்பார்கள். 1972-இல் வந்த ஆடி 80 இதற்குப் பேர்போன கார். ஒரு பக்கச் சக்கரம் சகதியிலும் மறுபக்கம் தார் ரோட்டிலும் இருக்கும்போது பிரேக் போட்டால், பிடிமானம் உள்ள பக்கம் கார் இழுக்கும். நெகட்டிவாக இருந்தால் சக்கரங்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பி அந்த இழுப்பைச் சமன் செய்யும். ஓட்டுபவருக்கு இப்படி ஒரு உதவி நடந்ததே தெரியாது. முன்னால் 10 மி.மீ. ஸ்பேஸர் போட்டால், −8 ஆக இருந்தது +2 ஆகிவிடும். உதவி செய்துகொண்டிருந்தது மாறி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். முன்பக்கத்தில் தடித்த தட்டு வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். பின்பக்கத்தில் ஸ்டீயரிங் இல்லை. அங்கே சுதந்திரம் கொஞ்சம் அதிகம்.

சரி, "அகலமா நின்னா வளைவுல ஸ்டெடியா போகும்" என்கிறார்களே? கொள்கை அளவில் உண்மை. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை, இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைப் பொறுத்தது. அகலம் கூடினால் எடை மாற்றம் குறையும். எவ்வளவு? அகலம் 1500 மி.மீ. உள்ள காரில் பக்கத்துக்கு 10 மி.மீ. போட்டால் 1520. வித்தியாசம் 1.3 சதவீதம். டயரில் சரியான காற்று வைத்திருந்தால் இதைவிட நன்றாகத் தெரியும். அழகுக்காகப் போடுகிறேன் என்று சொல்லுங்கள், அது நேர்மையான காரணம்.

எந்த வகை, எவ்வளவு தடிமன்

சந்தையில் இரண்டு வகை. ஒன்று, ஸ்டட்டின் மேல் சும்மா நுழைந்து உட்காரும் தட்டு. இன்னொன்று, தன் சொந்த நட்டுகளால் ஹப்பில் முடுக்கப்பட்டு, சக்கரத்துக்காகத் தன் முகத்தில் வேறு ஸ்டட்டுகளை வைத்திருப்பது. முதல் வகை மெல்லிய அளவுகளுக்கு. இரண்டாவது 20 மி.மீ.க்கு மேல், ஏனென்றால் உள் நட்டுகளைப் புதைக்க அவ்வளவு தடிமன் வேண்டும். இரண்டாவது வகையில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். உள் நட்டைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். காரின் பழைய ஸ்டட் முனைகள் தட்டுக்கு வெளியே துருத்தினால் சக்கரம் ஒழுங்காக ஒட்டாது. அதையும் பாருங்கள்.

மெல்லிய தட்டில் ஒரு சங்கடம் உண்டு. 3, 5 மி.மீ. தட்டுகளில் புது விளிம்பு கடைய இடமில்லை. ஹப்பின் பழைய விளிம்பு மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் சக்கரத்தைப் பிடிக்கும். தடித்தவற்றில் சொந்த விளிம்பு இருக்கும். இடையில் 7, 8 மி.மீ. வாக்கில் பல கார்களில் இரண்டும் கெட்டான் நிலை. பழைய விளிம்பு புதைந்துவிடும், புது விளிம்புக்கு இடம் போதாது. அந்த அளவைத் தவிர்த்துவிடுங்கள்.

உலோகம் 6061 டி6 ரக அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்ததாகவோ அடித்து உருவாக்கியதாகவோ இருக்கட்டும். வார்ப்புத் தட்டு வேண்டாம். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சல்லடை போல ஓட்டை போட்ட தட்டு வேண்டவே வேண்டாம். அது எந்தக் காருக்கும் பொருந்தாது. தட்டின் மேல் தட்டு அடுக்குவதும் கூடாது. 20 மி.மீ.க்கு மேல் தேவைப்படுகிறது என்றால் என் யோசனை ஒன்றுதான்: அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, சரியான ஆஃப்செட் உள்ள ரிம் வாங்குங்கள்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஃபெண்டர் வளைவின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, டயரின் புடைத்த பகுதிக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் பாருங்கள். 15 மி.மீ. இடம் இருந்தால் 15 மி.மீ. தட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்து பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். வேகத்தடையில் இறங்கும்போது சக்கரம் எவ்வளவு மேலே ஏறும் என்பதையும் மனதில் வைத்து, நாலைந்து மில்லிமீட்டரை விட்டுக்கொடுங்கள்.

மாட்டும் நாள்

சமதரை, ஹேண்ட்பிரேக், எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்றுங்கள்.

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். நான் பாதி நேரத்தை இந்த ஒரு வேலைக்கே செலவிடுவேன். பிறகு ஸ்பேஸரை வைத்து, கைவிரலால் ஓரங்களில் மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் கழற்றி, எது இடிக்கிறது என்று பாருங்கள். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் சின்னத் திருகின் தலையாக இருக்கலாம். ஒட்டும் முகங்களில் கிரீஸ் கூடாது. நடு விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சு போடலாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் அலுமினியம் இரும்போடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும்.

மரையிலும் எண்ணெய் வேண்டாம். முடுக்கும்போது நாம் கொடுக்கும் திருகு விசை, அதாவது டார்க், பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. மிச்சம்தான் ஸ்டட்டை நீட்டுகிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

நட்டுகளைக் கையால் தொடங்குங்கள், ஏர் கன்னால் அல்ல. சுற்றுகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று என்ற வரிசையில், சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே பாதி இறுக்கம் கொடுங்கள். இறக்கிய பிறகு, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். போலோவுக்கு அது 120 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு என்ன என்று கையேட்டைப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். புதிதாகச் சேர்ந்த முகங்கள் கொஞ்சம் படியும், அதனால் இறுக்கம் கொஞ்சம் குறையும். முதல் நாள் எவ்வளவு கவனமாக மாட்டியிருந்தாலும் இது நடக்கும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். ஜெர்மனியில் சான்று பெற்ற ஸ்பேஸரை மாட்டிப் பரிசோதனை செய்துகொண்டு ஓட்ட வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கம்பெனியிலிருந்து வந்தால் ஒழியப் பொதுவாக அனுமதி இல்லை. நம் ஊரில் டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நின்றால் கண்ணில் படுவது நிச்சயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது முதன்முதலாக அவர்களுக்குத் தெரியவரக் கூடாது.

ஸ்டெப்னி

கடைசியாக, அநேகமாக யாரும் சொல்லித்தராத ஒன்று. பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்?

நீண்ட போல்ட் போட்ட காரில், இரவு நேரத்தில் அவசரத்தில் ஸ்பேஸரையும் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை அதே நீண்ட போல்ட்டால் முடுக்கினால், போல்ட்டின் முனை ஹப்பைத் துளைத்துக்கொண்டு பின்னால் போகும். சில கார்களில் அது பிரேக் பாகங்களில் போய் இடிக்கும். அதற்கு நேர்மாறாக, ஸ்பேஸரைக் கழற்றாமல் பழைய குட்டை போல்ட்டால் முடுக்கினால் நாலு மரைதான் பிடிக்கும். ஸ்பேஸரும் நீண்ட போல்ட்டும் ஒரு ஜோடி. பழைய போல்ட் ஸ்பேஸர் இல்லாத ஹப்புக்கு மட்டும். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் அதில் உட்காரும் தலை கூம்பா பந்தா என்பதையும் இன்றைக்கே, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். பழைய போல்ட் முழு செட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, எதற்கு என்று ஒரு சீட்டெழுதி, ஜாக்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்குக் காரை ஓட்டப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.